தண்ணீர் அறுபடக் கூடாது

நவ. 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மேற்கு மாம்பலத்தில் அரை மணி பெய்தாலே வாசலில் கணுக்கால் தண்ணீர். எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்தார்கள்.

கூட்டம் எப்போதும் போல என் வீட்டு ஹாலில். நாற்காலி மிச்சம். இந்த ஊரில் யூதர் என்று சொல்லிக்கொள்ள மிஞ்சியிருப்பவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவோம். அதற்கு ஒரு உதவிச் சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவி, அது நான். பஸ்கா பண்டிகைக்குப் புளிக்காத ரொட்டி வரவழைத்துப் பங்கிட, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் போய்ப் பார்க்க, இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய. கடைசி வேலைதான் இப்போதெல்லாம் அதிகம்.

விலகுகிறேன் என்று சொன்னேன். முட்டி வலி என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம்.

புதுத் தலைவர் ஐசக். மும்பையிலிருந்து வந்தவன், ஈக்காட்டுத்தாங்கலில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. நாற்பதுக்குள். நல்ல சுறுசுறுப்பு. அவன் பெயரைச் சொன்னதும் கைதட்டல், தன் தலையில் விழவில்லையே என்ற நிம்மதியில். எனக்கு ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். எழுபது வயதுக்காரிக்குக் கடிகாரம் கொடுக்க யாருக்குத் தோன்றியதோ.

சங்கத்திலேயே மூத்தவள் ரிபேக்கா அக்கா வரவில்லை. அடையாறிலிருந்து இவ்வளவு தூரம் வர உடம்பு இடம் கொடுக்கவில்லை. வந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

முட்டி வலி பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

நவ. 10, திங்கள்

மழை இல்லை. துணி காய்ந்தது. கேஸ் வந்தது. பால்காரர் இரண்டு நாளாகத் தண்ணீர் கலக்கிறார், சொல்லவேண்டும்.

காரணத்தை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். போன மாதம் சிம்ஹா அத்தையைக் குளிப்பாட்டியபோது என் கை நடுங்கியது.

பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். அழுக்குப் போகக் கழுவியபின் கடைசியாக மூன்று குடம் தண்ணீர், தலையிலிருந்து கால் வரை, ஒரே தாரையாக. முதல் குடம் தீரும் முன் இரண்டாவது விழ ஆரம்பிக்க வேண்டும், அது தீரும் முன் மூன்றாவது. நடுவே தாரை அறுந்தால் அவ்வளவு நேரம் ஊற்றியதும் கணக்கில் இல்லை. முதலிலிருந்து.

அன்று வெளியூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தியும் நானும் ஊற்றினோம். என் குடம் ஆடியது. அறுந்தது. மறுபடி ஊற்றினோம், மறுபடி அறுந்தது. ரிபேக்கா அக்கா ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, எண்பத்திரண்டு வயதில், பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை எப்படியோ முடிந்தது. முடிவில் இறந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம்; சிம்ஹா அத்தையிடம் அன்று இரண்டு தடவை கேட்டேன்.

அதற்குப் பிறகும் தலைவி என்று உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நவ. 11, செவ்வாய்

ஐசக்கும் அவன் மனைவி ஷரனும் சாயங்காலம் வந்தார்கள். ஒப்படைத்தவை: அலமாரிச் சாவி, மெழுகுவத்தித் தண்டு ஒரு ஜோடி, பிரார்த்தனைப் புத்தகங்கள் (பாதி கரையான்), கல்லறைத் தோட்டத்துக் காவலாளி நம்பர், வெள்ளைத் துணி டிரங்குப் பெட்டி.

குடங்கள் மூன்றையும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். சின்னச் செப்புக் குடங்கள். ஐசக் ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"இதெல்லாம் இனிமே எதுக்கு ஆன்ட்டி? ஒரு கம்பெனி இருக்கு. போன் பண்ணா போதும், அவங்களே கிளீன் பண்ணி, டிரஸ் பண்ணி, வண்டி, எல்லாம் ஒரே பேக்கேஜ்."

"அவங்க கிளீன் பண்ணுவாங்க. இது வேற."

"புரியுது ஆன்ட்டி. ஆனா ஆள் எங்க?"

அது சரியான கேள்வி. ஷரனைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாது ஆன்ட்டி. எங்க அம்மாவுக்கே நான் வெளியதான் நின்னேன்."

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. கோபம் வரவில்லை. டிகிரி காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பெட்டி அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறானாம். குடத்தைப் பற்றிப் பேச்சில்லை.

நவ. 13, வியாழன்

அடையாறு. ரி. அக்கா மெலிந்துவிட்டாள். கட்டிலில் எலும்பும் சேலையும். பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் பெண். மகன் கனடாவில்; வீடியோவில் தினம் வருகிறான்.

பேசிய விஷயங்கள்: அவளுக்குப் பிடிக்காத கஞ்சி, மாடி வீட்டு நாய், என் பொன்னாடையின் நிறம். எல்லாம் முடிந்த பிறகு, மெதுவாக:

"எனக்கு நீதானே ஊத்துவ?"

"நான் விலகிட்டேன்கா."

"தலைவி வேலைலேர்ந்துதானே?"

என் கையைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்தாள்.

"நடுங்கினா நடுங்கட்டும். அறுந்தா மறுபடியும் ஊத்து. நான் எங்க ஓடப்போறேன்? அந்த கம்பெனிக்காரன் கைல மட்டும் என்னைக் குடுத்துடாத, மிரியம்."

சரி என்று சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர், "சீட்டு கீது, குந்து மா" என்று எழுந்து இடம் கொடுத்தார். அழுதுகொண்டிருந்திருப்பேன் போல.

நவ. 16, ஞாயிறு

வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி சாயங்காலம் வரை ஷபாத், ஓய்வுநாள். எழுத்து, போன், அடுப்பு எதுவும் இல்லை. விளக்கேற்றியதும் தனியாகத்தான் ஆசீர்வாதம் சொன்னேன். பழகிவிட்டது.

இன்று டாக்டர். நடுக்கத்துக்கு மாத்திரை எழுதினார். "வயசாச்சில்ல" என்றார். அவருக்கும் ஆகிறது.

மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று
மஞ்சள் தூள்
பாத்ரூம் பல்பு
வெள்ளை நூல்

நவ. 17, திங்கள்

ஜமீலா வந்தாள். டெலிபோன் ஆபீஸில் பக்கத்து நாற்காலியில் ஆரம்பித்த சிநேகம், ரிடையர் ஆகியும் விடவில்லை. அவள் வீடு பாண்டி பஜாருக்குப் பின் சந்தில். டப்பாவில் மீன் குழம்பு. "செதில் இருக்கிற மீன்தான், பாத்துத்தான் வாங்கினேன், சாப்பிடு." எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று என் சொந்தத் தம்பிக்கே நினைவிருக்காது.

அவளும் அவர்கள் ஜமாஅத்தில் பெண்களைக் குளிப்பாட்டப் போகிறவள். அவர்கள் இலந்தை இலை போட்ட தண்ணீர், கடைசியில் கற்பூரம். நாங்கள் வெறும் தண்ணீர். சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் பேசுகிற இரண்டு பேர் இந்த ஊரில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

ரி. அக்கா விஷயம் சொன்னேன்.

"என்னைக் கூப்பிடு. நான் ஊத்தறேன்."

"எங்க ஆளுங்கதான் செய்யணும், ஜமீலா. வெளியாளை உள்ள விடறது இல்ல. தெரியுமே உனக்கு."

"வெளியாளா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் டப்பாவைக் கழுவ ஆரம்பித்தாள்.

"உங்க வீட்டு நல்லதுக்கெல்லாம் முதல் வரிசைல உக்காந்தேன். சாவுன்னா மட்டும் கேட்டுக்கு வெளிய நிக்கணும். அந்த ரூலைக் கட்டிக் காத்தது யாரு? நீ. இப்பதான் நீ தலைவி இல்லையே, இன்னும் யாருக்காகக் காக்கற?"

மழை வருவதற்குள் போகிறேன் என்று போய்விட்டாள். மழை வரவில்லை.

நவ. 19, புதன்

பால்காரரிடம் சொன்னேன். "மாடு மழைல நனைஞ்சிடுச்சிமா" என்கிறார். சிரித்தேன், கொஞ்ச நாளாயிற்று.

பாத்ரூமில் தனியாக ஒரு குடம் நிறைய வைத்துப் பழகிப் பார்த்தேன். இடது கையால் தாங்கி, வலது கையால் சாய்த்து. அறுந்தது. உட்கார்ந்துகொண்டு. அறுந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து. அறுந்தது. மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீரையெல்லாம் தீர்த்துவிட்டேன் என்று கீழ்வீட்டில் சண்டை.

ஜமீலா போன் எடுக்கவில்லை.

நவ. 23, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன்.

விடிந்ததும் நர்ஸ் பெண்ணின் போன். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள். ராத்திரி முழுக்க பெய்து வெளியே இன்னும் பெய்துகொண்டிருந்தது. முதலில் வந்த நினைப்பு, இன்றைக்கு வெள்ளி. பொழுது சாயும் முன் அடக்கம் ஆகவேண்டும், விட்டால் ஞாயிறு. அழுகை பிறகுதான் வந்தது.

ஐசக்குக்கு அடித்தேன். ஆபீஸ் வேலையாக ஹைதராபாதில் இருந்தான்.

"ஊர் முழுக்கத் தண்ணி ஆன்ட்டி, நியூஸ்ல காட்டறாங்க. ஃப்ரீசர் பாக்ஸ் அனுப்பச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நான் வந்து எல்லாம் முறையா பண்ணலாம். மகனும் அதான் சொல்றார்."

"அக்கா அதுக்கு ஒத்துக்கல. என்கிட்ட சொல்லியிருக்கா."

"ஆன்ட்டி, இப்ப முடிவு எடுக்க வேண்டியது நான்தானே."

உண்மைதான். நானே கொடுத்த பதவி. வலித்தது.

"முடிவை நீயே எடுப்பா. நான் அக்காவைக் குளிப்பாட்டப் போறேன்."

மூன்று குடத்தையும் துணிப்பெட்டியையும் வாசலில் வைத்துக்கொண்டு நின்றேன். நான்காவது ஆட்டோ நின்றது.

"சப்வேல தண்ணி நின்னுக்கினு கீது மா. சுத்திக்கினுதான் போவணும்."

"சுத்திப் போ."

"இன்னா மா, குடம் குடமா எடுத்துக்கினு போற. கல்யாணமா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

நந்தனம் சிக்னலில் தண்ணீருக்குள் நின்றபோது ஜமீலாவுக்கு அடித்தேன். இந்தத் தடவை எடுத்தாள். நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "அடையாறா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

ஐசக் சொல்லி, ஷரன் எனக்கு முன்பே வந்திருந்தாள். தன் பையனின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கை பாதிதான் மறைந்தது. அறை வாசல் வரை வந்தாள், அதற்கு மேல் கால் வரவில்லை. "வெளிய உக்காந்து பிரார்த்தனைப் புத்தகத்துல சங்கீதம் படிக்கறேன் ஆன்ட்டி" என்றாள். படி என்றேன். அதுவும் வேண்டியதுதான்.

ஜமீலா சொட்டச் சொட்ட வந்தாள். தலையைத் துவட்டி, முக்காட்டை இறுக்கி, கை கழுவிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். நான் கூப்பிடும் வரை உள்ளே வரவில்லை. "வா" என்றேன். இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை வருஷம்.

பின்னறையில் பலகை. துணியால் மூடியபடி, கழுவும் இடத்தை மட்டும் விலக்கி. உடம்புக்கு மேலாக ஒருவருக்கொருவர் எதையும் நீட்டுவதில்லை, சுற்றி வந்துதான் கொடுக்கவேண்டும், சொல்லத் தேவையிருக்கவில்லை. "எங்கள்லயும் மய்யத்தை இப்படித்தான் மூடிவெச்சே செய்வோம்" என்றாள் ஒரு தடவை. அக்காவின் காலில் பழைய கொலுசுத் தழும்பு. எனக்குத் தெரியாது, அவள் கொலுசு போட்டவள் என்று.

பிறகு குடங்கள். முதல் குடம் நான். தலையில் தாரை விழுந்தது, நடுங்கிக்கொண்டுதான், ஆனால் விழுந்தது. முடிவதற்குள் ஜமீலா இரண்டாவதை ஆரம்பித்தாள். நான் காலிக் குடத்தை வைத்துவிட்டு மூன்றாவதைத் தூக்கினேன். தூக்கியதும் கை ஆடியது. தண்ணீர் என் வயிற்றிலேயே கொட்டியது. அவள் குடத்தில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். தெரிந்துவிட்டது, அறப்போகிறது.

ஜமீலா தன் குடத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். மற்றக் கையை என் குடத்தின் அடியில் கொடுத்தாள். நான் சாய்த்தேன், அவள் தாங்கினாள். அவளுடைய கடைசித் தண்ணீரும் என்னுடைய முதல் தண்ணீரும் சேர்ந்தே விழுந்தன. கால் விரல் வரை போய் முடிந்தது.

அறவில்லை. வெளியே ஷரன் எதுவும் தெரியாமல் படித்துக்கொண்டே இருந்தாள்.

உடுத்தும்போது ஒரு தப்பு. கால் பக்கம் நாடாவை ஜமீலா முடிச்சுப் போட்டுவிட்டாள். அவர்கள் கஃபன் துணியை முடிந்து, குழிக்குள் வைத்தபின் அவிழ்ப்பார்கள். எங்களில் முடிச்சே கூடாது, சும்மா சுருக்கு மடித்து விடுவதுதான். ஈர நாடா, இறுகிவிட்டது. என் நகத்துக்கு வரவில்லை. "தள்ளு, நான் போட்டது" என்று அவளே குனிந்து, பொறுமையாக அவிழ்த்தாள். முதுகு வலித்திருக்கும். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அக்கா திட்டியிருப்பாள்.

கடைசியாக மன்னிப்பு. "யாக்கோபின் மகள் ரிபேக்கா, எங்கள் கையால் உனக்கு ஏதாவது குறை நடந்திருந்தால் மன்னித்துக்கொள்." எங்கள் என்று சொல்லும்போது ஜமீலாவைப் பார்த்தேன். அவள் உதடும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, அவள் ஓதுகிற பாஷையில்.

கல்லறைத் தோட்டம் மழையில் குளம். ஐசக் காவலாளிக்குப் போன் பண்ணிக் குழி வெட்டச் சொல்லியிருந்தான். என்னிடம் சொல்லவில்லை. நல்லவன்தான். குழிக்குள் தண்ணீர் ஏற ஏற காவலாளி வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். "ஊறிக்கினே கீதுமா. நான் இன்னா பண்றது."

ஆண்கள் ஆறு பேர். பத்து ஆண்கள் இல்லாமல் இறந்தவருக்கான கதீஷ் பிரார்த்தனை சொல்ல முடியாது. சொல்லவில்லை. ஈரத்திலேயே இறக்கினார்கள். கனடாவில் விடிகிற நேரம், இங்கே யாரோ நீட்டிய போன் வழியாக மகன் பார்த்துக்கொண்டிருந்தான். படம் அடிக்கடி நின்றது.

வீட்டுக்கு வந்து விளக்கேற்ற நேரம் சரியாக இருந்தது.

சனி சாயங்காலம், ஷபாத் முடிந்ததற்கு அடையாளமான நட்சத்திரம் தெரியாவிட்டாலும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு, போனை ஆன் செய்தேன். ஐசக்கின் மெசேஜ். மும்பையில் எங்கள் மதகுரு ரப்பியிடம் கேட்டிருக்கிறான். வேற்று மதத்தவர் கை வைத்தது, ஆள் இல்லாத அவசரத்தில் சரி, வழக்கமாக்க வேண்டாம். கீழே அவன் பங்குக்கு: அடுத்த முறை குரூப்பில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதற்கும் கீழே, ஸாரி ஆன்ட்டி.

அடுத்த முறை என்று எழுதியிருக்கிறான். பெண்களில் அடுத்தது யார் என்று அவன் யோசித்திருக்க மாட்டான். நான் யோசித்தேன்.

நவ. 25, செவ்வாய்

வெயில். மெத்தையை வெளியே போட்டேன்.

ஐசக் பெட்டியை எடுத்துப் போக வந்தான். முகத்தில் கோபம் இல்லை, அசதிதான். கம்பெனியோடு பேசி முடித்துவிட்டானாம், சங்கத்தில் எல்லாருக்கும்.

"உங்க பேரும் சேத்துட்டேன் ஆன்ட்டி. நீங்க ஒண்ணும் கவலைப்பட வேணாம்."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. தேங்க்ஸ் என்றேன்.

"குடம்?"

"அது உங்க ஞாபகத்துக்கு நீங்களே வெச்சிக்கங்க."

போன பிறகு கடிகாரத்தை மாட்ட ஆணி தேடினேன். கிடைக்கவில்லை. மேஜையில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. சாவைப் பற்றி இல்லை. பெயர் தெரியாத ஆள் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, ட்யூபால் தண்ணீர் அடித்து, கைபேசியில் பேசிக்கொண்டே. அதைப் பற்றி. எத்தனை பெண்களுக்குச் செய்திருக்கிறேன். எனக்கு இல்லை.

நவ. 27, வியாழன்

மறுபடி தூறல். ஜமீலா கேட்காமல் வந்தாள். டப்பா இல்லை. காப்பி குடித்தாள். அலமாரி மேல் குடங்களைப் பார்த்தாள்.

"உனக்கு யாரு ஊத்துவா?"

"பேக்கேஜ்ல பேர் போட்டாச்சு."

"அந்தப் பொண்ணு?"

"வெளிய நிப்பா. படிப்பா."

"சரி. எழுந்திரு. எனக்குச் சரியாக் காட்டிக் குடு. அன்னிக்கு அவசரத்துல செஞ்சது."

வழக்கமாக்கக் கூடாது என்று ரப்பி சொன்னதைச் சொன்னேன். "உனக்கு ஒரு தடவைதானே, எப்படி வழக்கமாகும்" என்கிறாள்.

"எனக்கு முட்டி. உனக்கு பிரஷர். நீ முன்னாடி போயிட்டா?"

"போகல, போ."

நைட்டியோடு பாத்ரூமில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குடம் மூன்றையும் நிரப்பி வரிசையாக வைத்தாள்.

"ஜில்லுனு இருக்கும்."

"ஊத்து."

"போற அன்னிக்கு உனக்கு ஜில்லு தெரியாது."

தலையில் விழுந்தது. மூச்சு நின்றது. காதில், கழுத்தில், முதுகில். ஒரு கையில் குடம், மறு கையால் அடுத்ததைத் தூக்கப் பார்த்தாள். தூக்கிவிட்டாள். சாய்ப்பதற்குள் நின்றுவிட்டது. கை நீட்டித் தாங்கலாம் என்று தோன்றியது. தாங்கக் கூடாது, நான் இறந்தவள்.

"அறுந்துடுச்சு" என்றாள். "இதுக்கு ரெண்டு பேர் வேணும், மிரியம்."

"தெரியும்."

குழாயைத் திறந்தாள். குடம் நிறைகிற சத்தம். குளிரில் பல் தட்டியது.

மறுபடியும் ஊத்து என்றேன்.